கூம் வரை ஏறுமா?

சிலிகுரியில் ஜனவரி மாதத்துக் காலை ஆறு மணி. பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியவில்லை. லாட்ஜ் வாசலில் நின்ற 1966-ம் வருட அம்பாசடர் மார்க் 2 இரவெல்லாம் குளிரில் விறைத்துக் கிடந்தது. செல்ஃப் போட்டால் முனகியதே தவிர என்ஜின் பிடிக்கவில்லை. "சோக்கை முழுசா இழுடா" என்றார், மப்ளருக்குள்ளிருந்து பெரியப்பா. இழுத்தேன். வண்டி இருமியது, உடம்பை உதறியது, பிறகு உயிர் வந்தது. லாட்ஜ் காவலாளி போர்வையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டார்.

இந்தப் பயணத்துக்குப் பின்னால் ஒரு பந்தயம் இருந்தது. பெரியப்பாவுக்கு 84 வயது. 1962-ல் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சான்றிதழ்களோடு கும்பகோணத்திலிருந்து ஹவுரா வந்திறங்கி, லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய தமிழர்களில் ஒருவர். தான் வேலை பார்த்த கம்பெனியின் அதிகாரி ஒருவரிடமிருந்து 1974-ல் இந்தக் காரை வாங்கினார். 1978-ல் பெரியம்மாவை உட்கார வைத்து டார்ஜிலிங் வரை ஓட்டிப் போனார். பெரியம்மா இப்போது இல்லை. கார் இருக்கிறது.

சென்ற தீபாவளிக்கு முன்பு ஓர் உணவு விடுதிக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். நல்ல விலை சொன்னார். என்ஜினைக் கழற்றிவிட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்து காபி சாப்பிடும்படி மேஜை போடுவாராம். பெங்களூரில் இருக்கும் மகன், "கொடுத்துடுங்கப்பா" என்று போனில் சொன்னான். பெரியப்பா யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "கூம் வரைக்கும் ஏறட்டும். ஏறினா எங்கிட்ட இருக்கும். ஏறலைன்னா காபிக் கடைக்குப் போகட்டும்." அவருடைய லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. ஓட்ட வேண்டியவன் நான். எனக்குப் பழக்கமானதெல்லாம் கம்ப்யூட்டர் வைத்த கார்கள். அவற்றில் சோக் என்று ஒரு குமிழே கிடையாது.

கல்கத்தாவிலிருந்து சிலிகுரி வரையான 550 கி.மீ.க்கு மேற்பட்ட சமவெளியை வண்டி இரண்டு நாளில் புகாரின்றிக் கடந்தது. சோதனை இனிமேல்தான். சிலிகுரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 அடி. கூம் 7,407 அடி. டார்ஜிலிங் போகிறவர்களில் பெரும்பாலோர் ரோகிணி சாலை வழியாகக் குர்சியாங் ஏறிவிடுவார்கள். பெரியப்பா பழைய ஹில் கார்ட் ரோடுதான் என்று பிடிவாதமாக இருந்தார். மாட்டுவண்டிகளுக்காக வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட பாதை. அதன் ஓரத்திலேயே, சில இடங்களில் நடுவிலேயே குறுக்கே பாய்ந்து, 1881-ல் டார்ஜிலிங்கை எட்டிய இரண்டடி அகல ரயில் பாதை ஓடுகிறது. யுனெஸ்கோ 1999-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய பொம்மை ரயில் இதுதான்.

சுக்னாவைத் தாண்டியதும் சால மரக்காடு. மூடுபனி விலகி வெயில் கோடுகோடாக விழுந்தது. "சோக்கை உள்ளே தள்ளிட்டியா?" என்றார் பெரியப்பா. தள்ளிவிட்டேன் என்றேன். பொய்யில்லை. குமிழ் உள்ளேதான் இருந்தது.

இந்த இடத்தில் சோக் பற்றிக் கொஞ்சம். கார்புரேட்டரின் வேலை பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து என்ஜினுக்கு ஊட்டுவது. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று என்பது கணக்கு. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. ஊற்றியதில் பாதி, குழாய்ச் சுவரிலேயே ஈரமாகப் படிந்துவிடும். அதனால் காலையில் மட்டும் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் சோக். பல கார்களில் அது காற்று வரும் வழியை அடைக்கும் ஒரு தகடு. மூச்சுத் திணற வைப்பதால் அந்தப் பெயர்.

அம்பாசடரின் எஸ்.யு. கார்புரேட்டர் யாருடைய மூச்சையும் பிடிப்பதில்லை. அதில் காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் அடியில் நுனி சிறுத்த ஊசி. அந்த ஊசி, ஜெட் என்ற சிறு குழாய்க்குள் தொங்குகிறது. ஊசி மேலே போகப் போக இடைவெளி கூடி, பெட்ரோல் அதிகம் வரும். சோக்கை இழுத்தால் ஊசி அசைவதில்லை, ஜெட் கீழே இறங்குகிறது. விளைவு ஒன்றுதான். எஸ்.யு. என்பது ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயக் குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது. அவர்களுடைய குடும்பத் தொழில் செருப்பு. ஆரம்ப கால எஸ்.யு. கார்புரேட்டரில் பிஸ்டன் வேலையைச் செய்தது ஒரு தோல் துருத்தி! மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோடு சேர்ந்து இந்த அமைப்பும் ஹூக்ளி நதிக்கரையில் உத்தரபாராவுக்கு வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை அங்கே 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தும்வரை அம்பாசடர் என்ற பெயரில் அந்தக் கார் வெளிவந்துகொண்டிருந்தது.

திந்தாரியாவில் ரயில்வேயின் பழைய பட்டறையைக் கடக்கும்போது வண்டி லேசாகச் சோர்ந்த மாதிரி இருந்தது. ஏற்றம் என்று விட்டுவிட்டேன். கயாபாரி தாண்டி, மழைக்காலத்தில் வெறி பிடிக்கும் பக்லாஜோரா அருவி. 2010-ல் இங்கே மலை சரிந்து, ரோடும் தண்டவாளமும் சேர்ந்தே போயின. அந்தப் பகுதியில் இரண்டாவது கியரில் ஏறும்போதுதான் கண்ணாடியில் கவனித்தேன். எங்களுக்குப் பின்னால் கறுப்புப் புகை. மகாநதி ஸ்டேஷன் அருகே என்ஜின் குலுங்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் விம்மியது. விட்டால் நின்றுவிடும் போலிருந்தது. காருக்குள் பெட்ரோல் வாசனை. 4,000 அடிக்குமேல் ஏறியிருந்தோம். கூமுக்கு இன்னும் 3,000 அடிக்குமேல் பாக்கி.

ஓரமாக நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஈரத்துணி. கோடைக்காலத்தில் அம்பாசடர் நடுரோட்டில் நின்றால் டிரைவர்கள் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போட்டு அரைமணி காத்திருப்பார்கள். சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும் வேப்பர் லாக் அது. துணியை நனைக்கப் போன என்னைப் பெரியப்பா தடுத்தார். "ஜனவரியில வேப்பர் லாக்கா? அப்படி ஆனா பெட்ரோல் போகாது, வண்டி பட்டினியில சாகும். இது அஜீர்ணம்டா. புகையைப் பார், கறுப்பா வருது."

இரண்டாவது சந்தேகம் மலைமேல். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. கூமில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளியில் அளந்த கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். கலவை தடித்துவிடும், வலு குறையும். ஆனால் 1978-ல் இதே வண்டி இதே மலையில் இவ்வளவு திணறவில்லை என்றார் பெரியப்பா. மூன்றாவது சந்தேகத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. என்ஜினுக்கே வயதாகிவிட்டதோ? பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து எண்ணெய் எரிகிறதோ? அப்படியென்றால் பந்தயம் முடிந்தது.

குர்சியாங் வரை முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக நகர்ந்தோம். பின்னால் வந்த டாக்சிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. கடைகளை உரசிக்கொண்டு ரயில் போகும் அந்த ஊர்க் கடைத்தெருவில் மெக்கானிக் யார் என்று கேட்டால் எல்லோரும் பளபளப்பான ஒரு ஒர்க் ஷாப்பைக் காட்டினார்கள். அங்கிருந்த பையன் பானெட்டைத் திறந்து பார்த்தான். ஸ்கேனரைச் செருக இடமில்லாத என்ஜினை முதன்முதலாகப் பார்க்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கெட்டிக்காரன். தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஒரு சந்துக்குள் இருந்த தகரக் கொட்டகைக்குத் தானே கூட்டிப் போனான்.

மிஸ்திரிக்கு எழுபது வயது இருக்கும். நேபாளி டோப்பி, கைவிரலில் நிரந்தரமாக ஏறிய கிரீஸ் கறுப்பு. சிறுவனாக மானேபஞ்சாங்கில் லேண்ட்ரோவர்களிடம் தொழில் கற்றவராம். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்துச் சந்தக்ஃபூவுக்குப் பயணிகளை ஏற்றிப் போகும் அந்த 1950-களின் வண்டிகள் பலவற்றில் இப்போது டீசல் என்ஜின் மாற்றிவிட்டார்கள். கார்புரேட்டர் வேலை குறைந்துபோனதால் குர்சியாங்குக்கு வந்துவிட்டார். தஞ்சாவூர் வாடை வீசும் வங்காளியில் பெரியப்பா பேச, நேபாளி கலந்த ஹிந்தியில் அவர் பதில் சொல்ல, இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. பெரியப்பா அவரை "டாஜு" என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிட்டார். வயதில் தம்பி என்றாலும் இங்கே தொழில் தெரிந்தவர்தானே மூத்தவர்.

அவர் பானெட் பக்கம் போகவே இல்லை. என்ஜினை ஓடவிட்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். பின்னால் போய்ப் புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தார். பிறகு ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி, கட்டைவிரலால் தேய்த்தார். பெரியப்பா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பசையோடு மின்னும் கரி என்றால் ரிங் போச்சு. விளக்குச் சிம்னியில் படிவது போன்ற காய்ந்த கரி என்றால் வெறும் பெட்ரோல் மிகுதி. பிஸ்கட் நிறம் என்றால் ஆரோக்கியம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. மிஸ்திரி விரலை நீட்டிக் காட்டினார். காய்ந்த கரி. பெரியப்பா மப்ளரைத் தளர்த்தினார்.

பிறகு ஒவ்வொரு வாசலாகத் தட்டினார் மிஸ்திரி. காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் கலவை தடிக்கும். கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார், சுத்தம். மிதவை அறையில் ஊசி சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் பொங்கி வழியும். ஸ்பானர் பிடியால் இரண்டு தட்டு தட்டிக் கவனித்தார், கசிவில்லை. "சோக்?" என்றார். உள்ளே தள்ளியிருக்கிறேன் என்று குமிழைக் காட்டினேன். அவர் சிரித்தார். "குமிழ் உள்ளே இருக்கிறது. ஜெட் எங்கே இருக்கிறது?"

கையைக் கார்புரேட்டரின் அடியில் விட்டார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். ஜெட் ஒரு நெல் அகலம் கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது. சோக் கேபிளின் கம்பி துருவேறி வழியில் இறுகியிருந்தது. ஜெட்டைச் சுற்றிப் பிசின் போல் படிவு. சிலிகுரியில் நான் இழுத்தபோது கீழே வந்தது, குமிழைத் தள்ளியபோது முழுசாகத் திரும்பவில்லை. சமவெளியில் இந்தக் குறையை வண்டி சமாளித்திருக்கும். மலையின் மெலிந்த காற்றும் சேர்ந்தபோதுதான் மூச்சு முட்டியது. நோய் ஒன்றல்ல, இரண்டு. தனித்தனியாக வந்திருந்தால் இரண்டுமே சில்லறை நோய்கள்.

விரலால் மேலே ஒரு அழுத்து. 'டக்' என்றது. ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் குரல், தொண்டை கட்டியவர் கனைத்துக்கொண்ட மாதிரி மாறியது.

என்ஜினை நிறுத்திவிட்டு கேபிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, சொட்டு எண்ணெய் விட்டார். ஜெட்டைத் துடைத்தார். கம்பியை முறுக்காக மாட்டாமல் சற்றே தளர்வு விட்டு மாட்டினார். முறுக்காக இருந்தால் சோக் எப்போதும் கொஞ்சம் இழுத்தபடியே நிற்குமாம். பிளக்குகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். டாஷ்பாட் மூடியைத் திருகி எடுத்து எண்ணெய் அளவைப் பார்த்தார். அது வற்றினால் பிஸ்டன் துள்ளும், ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் வண்டி தயங்கும்.

"எதனால் இப்படி ஆச்சு டாஜு?" என்று கேட்டார் பெரியப்பா. மாதம் எத்தனை முறை வண்டியை எடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார் அவர். பெரியப்பா பதில் சொல்லவில்லை. பெரியம்மா போன பிறகு, பேட்டரி இறங்காமலிருக்க மாதத்துக்கு ஒருமுறை கராஜிலேயே ஸ்டார்ட் செய்து நிறுத்துவதோடு சரி. நின்ற வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மிஞ்சுகிறது. இப்போது நாடெங்கும் வந்துவிட்ட 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் வேறு. பழைய ரப்பர் பாகங்களுக்கும் அது ஆகாது. அவற்றை மாற்றிவிடச் சொன்னார் மிஸ்திரி. எத்தனால் கலப்பு கலவையை மெலியவைக்கும், மலை தடிக்கவைக்கும். "ஒன்று கொடுப்பதை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். ஆனால் சும்மா நிறுத்தி வைத்தால் எந்தப் பெட்ரோலும் காப்பாற்றாது" என்றார்.

கடைசியாக ஒரு பாடம். கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறு ஊசி இருக்கிறது. அதை விரலால் மேலே அழுத்தினால் உள்ளே பிஸ்டன் மயிரிழை உயரும். அப்போது என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணைந்துபோனால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. எங்கள் வண்டி வேகம் கூடி நின்றது. ஜெட்டின் அடியில் இருக்கும் அறுகோண நட்டை ஒரு பட்டை மேலே திருகினார். அழுத்திப் பார்த்தார். இன்னும் ஒரு பட்டை. இப்போது ஒரு கணம் கூடி, அடங்கியது. "இரண்டு பட்டை" என்று என்னிடம் விரலைக் காட்டினார். "கீழே இறங்கியதும் இரண்டையும் திருப்பி வைக்க வேண்டும். மறந்தால் சமவெளியில் பெட்ரோல் போதாமல் என்ஜின் சுட்டுவிடும். யார் செய்வீர்கள்?" பெரியப்பா என்னைப் பார்த்தார்.

ஸ்கேனர் பையன் இவ்வளவு நேரமும் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இரு சக்கர வண்டிகளில்கூடப் பெரும்பாலானவை 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு கார்புரேட்டரைக் கைவிட்டுவிட்டன. இதைக் கற்று அவனுக்கு என்ன வரும்படி? கேட்டேன். "இன்னொரு அம்பாசடர் வராதா என்ன?" என்றான்.

சோனாடாவில் ஒருமுறைகூட நிற்கவில்லை. பைன் மரங்களும் மேகமும் மாறி மாறி வந்தன. புகை இல்லை. வலு மட்டும் குறைவு. மெலிந்த காற்றில் எந்த மிஸ்திரியும் அதைத் திருப்பித் தர முடியாது. இரண்டாவது கியரில் வயதானவர் படியேறுவதைப் போல, அவசரமில்லாமல், நிற்காமல் ஏறியது. மூன்றேகால் மணிக்குக் கூம் ஸ்டேஷன் பலகை தெரிந்தது. பெரியப்பா இறங்கிப்போய் அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றார். 1978-ல் இங்கே எடுத்த போட்டோவில் பெரியம்மா அதே பலகையின் கீழ்தான் நிற்கிறார். பிறகு திரும்பி வந்து பானெட்டின்மேல் கை வைத்து, சூடு அதிகமில்லை என்றார்.

அன்றிரவு டார்ஜிலிங்கில் பேச்சு வண்டியின் எதிர்காலம் பற்றித் திரும்பியது. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் 'வின்டேஜ்' பதிவு முறையைக் கொண்டுவந்தது. 'வி.ஏ.' என்ற தனி எண் வரிசை, பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அது கௌரவமாக இருக்குமே என்றேன். பெரியப்பா விதிகளைப் படித்திருந்தார். அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். தினப்படி ஓட்டக் கூடாது. "அதுவும் காபிக் கடைதான். கொஞ்சம் பெரிய காபிக் கடை" என்றார். சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு வருகிறார்.

மறுநாள் இறங்கினோம். குர்சியாங்கில் மிஸ்திரியின் கொட்டகை பூட்டியிருந்தது. சுக்னா தாண்டி, மரநிழலில் வண்டியை நிறுத்தி என்னைப் பானெட்டைத் திறக்கச் சொன்னார் பெரியப்பா. தான் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சீட்டிலேயே சாய்ந்திருந்தார். நட்டைக் கீழே ஒரு பட்டை திருகினேன். இன்னொன்று. சிறு ஊசியை அழுத்தினேன். என்ஜின் ஒரு கணம் கூடி, அடங்கியது. அடங்கியதா என்று எனக்கே சந்தேகம். உள்ளேயிருந்து குரல் வந்தது: "சரியா இருக்கு. மூடு."

உணவு விடுதிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன்.

"நாற்காலி வாங்கிக்கச் சொல்லு" என்றார் பெரியப்பா. கொஞ்ச தூரம் போன பிறகு, டேஷ்போர்டில் கிடந்த ஸ்பானரை எடுத்துத் துணியில் துடைத்து என் சட்டைப்பைக்குள் போட்டார். "ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணி. கராஜுக்கு வந்துடு. வாராவாரம்."